கொசு தண்ணீரின் மேல் ஓடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் சிறுவர் பகுதியில் குளத்து உயிர்களைப் பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. நன்றாகவே இருந்தது, என் பேத்தி கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆனால் தண்ணீர் மேல் நீளக் கால்களைப் பரப்பி நிற்கிற பூச்சியின் படத்துக்குக் கீழே ‘நீர்ச்சிலந்தி’ என்று போட்டுவிட்டீர்கள். அது சிலந்தி இல்லை, ஆங்கிலத்தில் ‘வாட்டர் ஸ்ட்ரைடர்’ (water strider) என்கிற பூச்சி. எங்கள் வீட்டிலும் தண்ணிச் சிலந்தி என்று சொல்லித்தான் வளர்ந்தோம், அதனால் உங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சிலந்திக்கு எட்டுக் கால், இதற்கு ஆறு. நாலுதானே தெரிகிறது என்பீர்கள்; மீதி இரண்டும் முகத்துக்குக் கீழே குட்டையாக மடங்கியிருக்கும், இரையைப் பிடிக்க. நடுக்கால் இரண்டும் துடுப்பு, பின்கால் இரண்டும் சுக்கான். வாய் ஊசி மாதிரி, குத்தி உறிஞ்சும். உறவு என்று பார்த்தால் மூட்டைப்பூச்சிக்குத்தான் இது பங்காளி.

இதற்குப் போய் ஒரு கடிதமா என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

போன ஐப்பசியில் எங்கள் தெரு முனையில் இருக்கிற தெப்பக்குளத்தில் கழிவு ஆயிலைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். டெங்கு பயம். “குளம் பூரா கொசு ஓடுது சார், நீங்களே பாருங்க” என்று ஒருவர் விரலை நீட்டிக் காட்டினார். அவர் காட்டியதெல்லாம் இந்தப் பூச்சிகள்தான். கொசு தண்ணீரின் மேல் இப்படி ஓடாது என்று சொல்லிப் பார்த்தேன், வீட்டில் காய்ச்சலோடு பிள்ளை படுத்திருக்கும்போது ரிட்டயர்டு வாத்தியார் பாடம் எடுத்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். காலை ஊன்ற முடியாமல் நனைந்துபோய்ப் படியோரம் ஒதுங்கிக் கிடந்தன.

தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி விறைப்பாக இருப்பதால்தான் அவற்றால் அங்கே நிற்க முடிகிறது. காலில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றுக்கு இடையே காற்று சிக்கிக்கொள்வதால் கால் நனைவதில்லை. 2004இல் சீன ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில் ஒற்றைக் காலே அந்தப் பூச்சியின் முழு எடையைப் போல 15 மடங்கைத் தாங்கும் என்று தெரிந்தது. எண்ணெய் பட்டால் அந்த விறைப்பும் போய்விடும், காலும் நனைந்துவிடும். துணி துவைக்கிற சோப்புத் தண்ணீரும் இதையேதான் செய்கிறது.

அப்படியானால் கொசு எங்கே இருக்கும்? மேற்பரப்புக்குக் கீழே பாருங்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் புழுவாக. வால்நுனிக் குழாயை மேலே நீட்டி மூச்சு விடும், உங்கள் நிழல் விழுந்ததும் நெளிந்து நெளிந்து அடியில் போய்விடும். சாய்ந்து தொங்காமல் தண்ணீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்த மாதிரி இருந்தால் அது மலேரியாக் கொசுவின் புழு. டெங்குக் கொசுவோ குளத்துக்கு வருகிற ஆளே கிடையாது. அதற்கு உங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு போதும், மொட்டை மாடியில் கிடக்கிற டயரும் சிரட்டையும் போதும். ஆயில் ஊற்றிய அன்றைக்கு எங்கள் தெருவில் மூடியில்லாத தொட்டிகளை எண்ணினேன். ஒன்பது. அதில் ஒன்று என் வீட்டுத் தொட்டி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே படியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் வேறு ஆட்களும் கண்ணில் படுவார்கள், உருவத்தை விட நடையை வைத்து அடையாளம் காண்பது சுலபம். வழுக்கிக்கொண்டு போய்ச் சட்டென்று நின்றால் மேலே சொன்னது. நிற்காமல் கும்பலாகக் கிறுகிறுவென்று வட்டமடித்தால் அது சுழல் வண்டு, கறுப்பாக, எண்ணெய் தடவின புளியங்கொட்டை மாதிரி, ஆனால் அதைவிடச் சின்னது. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இதன் கண் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, மேல் பாதி வானத்தைப் பார்க்க, கீழ்ப் பாதி தண்ணீருக்குள் பார்க்க. பயந்தால் வால்பக்கம் ஒரு காற்றுக் குமிழியை மாட்டிக்கொண்டு முங்கிவிடும். கையில் பிடித்தால் ஒரு வாடை அடிக்கும்.

கரையோரப் பாசியில் முறித்துப் போட்ட ஈர்க்கு ஒன்று மெதுவாக நடந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அதுவும் பூச்சிதான். கண் நீளத் தலையின் நடுவில் இருக்கும். மேலே வருகிற கொசுப்புழுவை ஊசியால் குத்தித் தின்னும். மல்லாந்து நீந்துவது இன்னொன்று, மேற்பரப்புக்கு அடிப்பக்கம் தொங்கும், கொசுப்புழுவைக் காலி செய்வதில் இதுவும் கெட்டி, பிடித்தால் சுருக்கென்று குத்திவிடும். உண்மையான சிலந்தியும் சில சமயம் தண்ணீர் மேல் ஓடும் என்பதையும் மறைக்கக் கூடாது. அதை எண்ணிப் பார்த்தால் எட்டுக் கால் இருக்கும், அவ்வளவுதான்.

ஓடும் தண்ணீர் என்றால் ஆட்களே வேறு. பாபநாசத்துக்கு மேலே பாறை இடுக்கில் சின்னச் சின்னதாய்த் தோள் அகன்ற ஒரு கூட்டம் ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக்கொண்டே நிற்கும். நடுக்கால் நுனியில் விசிறி மாதிரி மயிர் விரியும், அதை வைத்துத்தான் அந்த வேகத்தைச் சமாளிக்கிறது. குளத்துப் பூச்சிக்கு அந்த விசிறி கிடையாது.

இவ்வளவும் சாப்பிட்டு முடித்துக் கொசுவே இல்லாமல் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆயில் ஊற்றினால் கொசுப்புழுவோடு சேர்த்து அதைத் தின்கிறவையும் போய்விடுகின்றன, அடுத்த மழைக்கு முதலில் திரும்பி வருவது கொசுதான். எங்கள் குளத்தில் அப்படித்தான் நடந்தது.

கார்த்திகை மழையில் குளம் நிரம்பி மறுகால் போனபோது ஆயில் படலமும் போயிற்று. அதற்கப்புறம் வெகுநாள் ஒன்றும் காணோம். இந்தப் பூச்சிகளில் சிறகோடு இருப்பவையும் உண்டு, சிறகில்லாதவையும் உண்டு, சிறகுள்ளது எங்கிருந்தாவது பறந்து வந்தால்தான் உண்டு. மாசியில் ஒரு நாள் காலை பத்து மணி வெயிலில் பேத்திதான் முதலில் பார்த்தாள், பூச்சியை இல்லை, நிழலை. தண்ணீருக்குள் முங்கிக் கிடந்த படியில், விளிம்பில் வெளிச்சக் கோடு போட்ட கறுப்பு வட்டங்கள் நகர்ந்துகொண்டிருந்தன. கால் ஊன்றிய இடத்தில் தண்ணீர் குழிவதால் விழுகிற நிழல் அது. பெரிதாக நாலு, முன்னால் சின்னதாக இரண்டு. ஆறு தாத்தா, என்றாள்.

நோட்டில் ஒட்டிய உங்கள் படத்துக்குக் கீழே இருந்ததை நேற்று அவளே பேனாவால் அடித்துவிட்டாள். அடுத்த இதழில் நீங்களும் ஒரு வரி திருத்தம் போடுங்கள், அதையும் பக்கத்தில் ஒட்டிக்கொள்வாள்.

அன்புடன்,
ஒரு பழைய வாசகர்,
அம்பாசமுத்திரம்