அது குன்று அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தெற்கு வேல்ஸ் பயணக் கட்டுரையில், 'பழைய நிலக்கரிச் சுரங்கக் கிராமம் இன்று நிம்மதியாக உறங்குகிறது' என்று எழுதி, அதற்குச் சான்றாக 'இயற்கைக் குன்று' ஒன்றின் படத்தையும் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தப் பள்ளத்தாக்கில் 1974 முதல் இருபத்தாறு ஆண்டுகள் குடும்ப மருத்துவராக இருந்த நான் நாள்தோறும் கடந்துசென்ற அந்த மேடு, சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கழிவைச் சமன்செய்து, மேலே புல் விதைத்து உருவாக்கப்பட்டது.

அருகிலுள்ள ஊரை 'அபர்ஃபான்' என்று எழுதியது போகட்டும். வேல்ஸ் மொழியில் ஒற்றை எஃப் 'வ' என்றே ஒலிக்கும் என்பதைத் தங்கள் ஆசிரியர் குழு அறியாமலா இருக்கும்? அந்த அபர்வானில், நீரூற்றின் மேல் கொட்டப்பட்ட இத்தகைய கழிவு மேடொன்று 1966 அக்டோபர் 21 அன்று சரிந்து, 116 குழந்தைகள் உட்பட 144 பேரைக் கொன்றது. எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்கென்று, பிள்ளைகளை இழந்தவர்களுக்காக உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை அரசு வாங்கிக்கொண்டது. 1997இல் அதைத் திருப்பித் தந்தபோது வட்டி தரவில்லை. கட்டுரையாளருக்கு இவையெல்லாம் இடையூறான செய்திகள் போலும்.

உறக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் நோயின் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. 'அவருக்குத் தூசு' என்பார்கள். தூசு பிடித்தவர்களால் படுக்க இயலாது. நான்கைந்து தலையணைகளில் சாய்ந்து, பக்கத்தில் ஆக்சிஜன் உருளையோடு, விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஊனம் பத்து விழுக்காடா முப்பதா என்று எக்ஸ்ரே படத்தை வைத்துப் பேரம் பேசுவதுபோல் கணக்கிட்டு உதவித்தொகை தந்தார்கள். கணவர் இறந்த அன்றே, தூசினால்தான் இறந்தார் என்று மெய்ப்பிக்கப் பிணக்கூறாய்வுக்குச் சம்மதிக்குமாறு மனைவியிடம் கேட்கும் வேலை, பலமுறை என்மேல்தான் விழுந்தது. ஒரு மூதாட்டி கையெழுத்திட்டுவிட்டு, 'நுரையீரலைத் திருப்பித் தருவீர்களா?' என்று மட்டும் கேட்டார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தாங்கள் இரண்டே வரியில் முடித்ததைக் குறித்து நான் எழுதிய கடிதத்தை இடமின்மையால் வெளியிட இயலவில்லை என்று தெரிவித்திருந்தீர்கள். ஆகவே இம்முறை அதிக இடம் கேட்கமாட்டேன். படத்தின் கீழுள்ள 'இயற்கைக் குன்று' என்பதைக் 'கழிவு மேடு' என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள், இரண்டு சொற்கள்தாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மருத்துவர்