திண்மத்தில் துணிக்கை அசையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏழாம் தரத்தில் படிக்கும் என் பேத்தியின் ரியூட் (அச்சடித்த பாடக்குறிப்பு) ஒன்றைப் போன கிழமை வாசித்தேன். பொருள்களை ஆக்கும் மிகச் சிறிய துகள்களான துணிக்கைகளைப் பற்றி, ‘திண்மத்தில் துணிக்கைகள் அசையாது, திரவத்தில் உள்ளதைவிட எப்போதும் நெருக்கமாக இருக்கும்’ என்று அச்சடித்திருந்தது. இரண்டும் பிழை. சொன்னால், “அப்பப்பா, சோதினைக்கு இப்படித்தான் எழுதச் சொன்னவை” என்கிறாள்.

நான் திருகோணமலையில் 26 வருடம் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவன். உப்புநீர்த் தொட்டியிலிருந்து இழுத்தெடுத்த ஐஸ் கட்டி பூச்சியத்துக்குக் கீழே பல பாகையில் இருக்கும். ஈரக்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் வெளியில் கிடந்தபின் அதே கட்டி கையில் வழுக்கும். இரண்டு நேரமும் அது கல்லு மாதிரித் திண்மம்தான். அப்படியென்றால் மாறியது என்ன? உள்ளே துணிக்கைகளின் அதிர்வு. இடத்தை விட்டுப் போகாமல், நின்ற இடத்திலேயே அவை துடித்துக்கொண்டிருக்கின்றன. சூடு ஏற ஏறத் துடிப்பும் கூடும்.

நெருக்கம் பற்றிய வரி மெழுகுக்கும் ஈயத்துக்கும் சரி, தண்ணீருக்குச் சரிவராது. அச்சுகளை நாங்கள் ஒருநாளும் விளிம்பு வரை நிரப்புவதில்லை. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். நீர் மூலக்கூறுகள் நடுவில் இடைவெளி விட்டு அறுகோணமாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம். ஐஸ் மிதப்பதும் அதனால்தான்.

ரியூட்டில் ஒரு சொல்கூட இல்லாத விசயம் ஒன்றும் இருக்கிறது. மீன் பெட்டியில் ஐஸ் உருகத் தொடங்கினால், கடைசித் துண்டு கரையும் வரை அந்த ஐஸ் 0 பாகையிலேயே நிற்கும். உள்ளே வரும் சூடு துணிக்கைகளின் பிடியை அவிழ்க்கவே செலவாகிவிடும். 1 கிராமுக்கு 80 கலோரி! அதே கிராம் உருகித் தண்ணீரானபின், அவ்வளவு சூடு அதை 0 பாகையிலிருந்து 80 பாகைக்கே ஏற்றிவிடும். விடியப்புறம் பிடித்த பாரையின் செவுள் பின்னேரம் வரை சிவப்பாக இருப்பது இந்தக் கணக்கால்தான். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

அந்த ரியூட்டை அடித்துக் கொடுத்தவர்கள் தவணைச் சோதினைக்கு முன் இரண்டு வரியையும் திருத்திக் கொடுக்க வேண்டும். எந்தப் பாடசாலை கூப்பிட்டாலும், ஒரு ரெஜிபோம் (வெப்பம் புகாத வெள்ளை நுரை) பெட்டி நிறைய ஐஸும் வெப்பமானியும் கொண்டு வந்து பிள்ளைகளுக்குக் காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐஸ் தொழிற்சாலை ஊழியர்,
உப்புவெளி, திருகோணமலை.