மரிகினாவிலும் கோவையிலும் என்னைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியக்காரனாக இரண்டு ஆண்டுகள் பிலிப்பைன்ஸில் இருந்துவிட்டுக் கோவைக்குத் திரும்பியிருக்கிறேன். மார்மன்கள் என்றால்தான் எங்களைப் பலருக்கும் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாரும் "இந்த வயசுல எவ்வளவு பெரிய தியாகம்" என்கிறார்கள். அந்தப் பாராட்டு எனக்குரியது அல்ல. அது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ, அவர்களுக்கே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கிளம்பியபோது எங்கள் சபையில் ஆண்பிள்ளைகள் 18 வயதிலிருந்தும் பெண்பிள்ளைகள் 19 வயதிலிருந்தும் ஊழியத்துக்குப் போகலாம் என்று இருந்தது. எந்த ஊர் என்பது அழைப்புக் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். சம்பளம் கிடையாது. செலவைக் குடும்பமே ஏற்க வேண்டும், முடியாதவர்களுக்குச் சபையார் கைகொடுப்பார்கள். என் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். அவர் ஓவர்டைம் பார்த்து மாதாமாதம் கட்டினார். போதாததைக் கிளையில், அதாவது நம் ஊர்ச் சபையில், இருக்கும் நீங்கள் போட்டீர்கள். உங்களில் தையல் வேலை செய்கிறவர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் உண்டு. யார் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கிளைத் தலைவர் கடைசி வரை சொல்லவே இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக் கூட்டத்தில் யாரைப் பார்த்தாலும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

மாமா, நான் ஞானஸ்நானம் எடுத்ததே உங்களுக்குப் பிடிக்கவில்லை. குலதெய்வக் கோயிலுக்கு மாதம் தவறாமல் போகிறவர் நீங்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் எடுக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனைக்கும், ஞானப்பல் பிடுங்கவும் பணம் கட்டியது நீங்கள்தான். "போறதுன்னு முடிவு பண்ணீட்டே கண்ணு, நல்லபடியாப் போயிட்டு வா" என்று ரயிலடியில் நீங்கள் சொன்னது, எனக்குக் கிடைத்த ஆசீர்வாதங்களில் ஒன்று என்றே எண்ணுகிறேன்.

ஊழியக்காரர் தனியாக எங்கும் போவதில்லை, எப்போதும் இருவர். எனக்கு முதலில் துணையாக வந்தவன் பிலிப்பைன்ஸின் வடக்கே இருக்கும் இலோகோஸ் பக்கத்துப் பையன், டிரைசைக்கிள் ஓட்டுநரின் மகன். காலை ஆறரை மணிக்கு எழுப்பி, எங்கள் வேதநூலான மார்மன் புத்தகத்தை அந்நாட்டுத் தகலோக் மொழியில் என்னோடு வரி வரியாக வாசிப்பான். நான் பேசத் திணறும் இடத்தில் முந்திக்கொண்டு பேசாமல், நான் முடிக்கும் வரை பொறுமையாக நிற்பான். தம்பி, உன்னிடம்தான் நான் பேசக் கற்றேன்.

மணிலா பெருநகரைச் சேர்ந்த மரிகினாவில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் அம்மாவைத் தெருவே நானய் என்று அழைக்கும், தகலோகில் அம்மா என்று பொருள். நாங்களும் அப்படியே அழைத்தோம். அவர் தீவிரக் கத்தோலிக்கர். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியலுக்கு முன் நடக்கும் பூசைகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். எங்கள் போதனையை ஒரே ஒரு முறை கேட்டார், "எனக்கு என் கோயில் போதும், நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றார். அதற்குப் பிறகு போதனைப் பேச்சே எழவில்லை. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை.

அங்கே இருந்தபோதுதான் என் அம்மிச்சி இறந்துபோன செய்தி வந்தது. காரியத்துக்கு நான் வரவில்லை. வாரம் ஒருமுறை வீட்டோடு பேசும் வீடியோ அழைப்பில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். நானய்க்கு விஷயம் தெரிந்ததும் கோழி, இஞ்சி, பச்சைப் பப்பாளி, முருங்கைக்கீரை போட்டுத் தினோலா வைத்துக்கொண்டு வந்தார். முருங்கைக்கீரை வாசனையில் அம்மிச்சியின் அடுப்படியே வந்து நின்றது. அவர்கள் வழக்கத்தில் இறந்தவருக்காக ஒன்பது இரவு கூடி ஜெபிப்பார்கள். கோவையில் திருநீறு பூசி வாழ்ந்து மறைந்த, தான் ஒருநாளும் பார்த்திராத ஒரு பாட்டிக்காக நானய் தம் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி ஒன்பது இரவும் ஜெபித்தார். ஜெபமாலை எங்கள் சபையில் இல்லை. நானும் துணையும் ஓரமாக உட்கார்ந்து எங்கள் முறையில் ஜெபித்தோம். தேவன் பெரியவர் என்று நான் பலரிடம் போதித்திருக்கிறேன். அதை ஒருவர் வாழ்ந்து நான் பார்த்தது அந்த வீட்டில்.

2024 ஜூலை 24 அன்று கரினா புயல் பருவமழையைத் தூண்டிவிட, மரிகினா ஆறு 20 மீட்டரைத் தாண்டியது. 18 மீட்டரைத் தொட்டாலே கரையோரத்தார் வீட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். நானய் குடும்பம் பள்ளிக்கூடத்தில் தங்கியது. தண்ணீர் வடிந்த பிறகு, மஞ்சள் மேலாடை அணிந்த எங்கள் சபையாரோடு சேர்ந்து வீடு வீடாகச் சேறு அள்ளினோம். நானய் வீட்டுச் சுவரில் 2009 ஒண்டோய் புயல் வெள்ளத்தின் கறை இன்னும் மேலே இருந்தது. கடைச் சரக்கு முழுக்க நாசம். அந்த நிலையிலும் பக்கத்து வீட்டு அடுப்பில் சோறாக்கி, மண்வெட்டி பிடித்த எல்லாருக்கும் போட்டார். நாங்கள் உதவினோம் என்று சபைக்கூட்டத்தில் சொன்னார்கள். எங்களுக்குச் சோறு போட்டவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன்.

கதவைத் திறந்து, வேண்டாம் என்று சொல்லி, ஆனாலும் வெயிலில் நின்ற எங்களுக்குத் தண்ணீர் கொடுத்த மரிகினாக்காரர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலன்டைன் யூட்டாவில் குடும்பத்தை விட்டுவிட்டு, 1853-இல் எங்கள் சபையின் ஊழியக்காரராக மெட்ராஸுக்கு வந்தார். அவர் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தவர்கள் மிகச் சிலர். அவருக்கும் அங்கே யாரோ தண்ணீர் கொடுத்திருப்பார்கள், சோறு போட்டிருப்பார்கள். அவர்களும் இந்த நன்றியில் பங்குள்ளவர்கள்.

எங்கள் கிளையிலிருந்து அடுத்து ஒரு தங்கை ஊழியத்துக்குக் கிளம்புகிறாள். எனக்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அவள் செலவுக்கு என் பங்கையும் எழுதிக்கொள்ளும்படி கிளைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன்.

நானய், இதையே தகலோகில் எழுதி உங்கள் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன், வாசித்துக் காட்டுவாள். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தீர்களா என்று அவளிடம் பதில் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊழியக்காரன்,
கோயம்புத்தூர்