பள்ளியை விட்டவர்களுக்குப் பாடம் எடுப்பது யார்?

ஆசிரியருக்கு,

வணக்கம். பாலியல் கல்வி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பாடத்திட்டத்தில் சேர்க்கலாமா, கூடாதா என்பதோடு விவாதம் முடிந்துபோகிறது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பிலும் கட்டட வேலையிலும் தையல் கூடத்திலும் இருப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. அவர்களுக்கும் பாடம் நடக்கத்தான் செய்கிறது. வேலை முடிந்து உட்காரும் இடத்தில், இரண்டு வயது மூத்த செட்டு நடத்துகிறது.

அதில் பாதி புளுகு. "இன்னுமா?" என்ற ஒரு கேள்விக்குக் கூச்சப்பட்டு, நடக்காததை நடந்ததாக ஒருவன் சொல்கிறான். கேட்பவன், தான் மட்டும் பின்தங்கிவிட்டதாக நினைக்கிறான். பெண்களிடம் இதே நெருக்கடி "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று வருகிறது. 'வேண்டாம் என்று சொல்' என்ற அறிவுரை அங்கே உதவாது. சொல்லவேண்டிய வாக்கியத்தையே வாயில் பழக்கிவிட வேண்டும்: "காலைல ஷிப்டு இருக்கு, கிளம்புறேன்." காரணம் சின்னதாக இருந்தால் வாக்குவாதம் வளராது. வீடு திரும்பும் காசும் தன் பையில் இருக்க வேண்டும். அடுத்தவன் வண்டியை நம்பிப் போனால் அவன் எழும்வரை எழ முடியாது.

ஆணுறை பற்றிய செட்டுப் பாடம் இன்னும் மோசம். இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பார்கள். ஒன்றோடொன்று உரசிக் கிழியத்தான் வாய்ப்பு அதிகம். பர்ஸில் மாதக்கணக்கில் கிடந்தது சூட்டில் நலிந்திருக்கும். எண்ணெயோ வாசலினோ பட்டால் ஆணுறையின் லேடக்ஸ் ரப்பர் பலமிழக்கும். இதைச் சொன்னால் போதாது, மரத்தால் செய்த ஆணுறுப்பு மாதிரியில் செய்து காட்ட வேண்டும். தேதி பார்த்து, பாக்கெட்டை விரலால் அமுக்கினால் உள்ளே காற்று மெத்தென்று தட்டுப்பட வேண்டும். பல்லால் கடிக்காமல் ஓரத்தைக் கிழித்து, நுனியைக் கிள்ளிப் பிடித்து அடிவரை உருட்ட வேண்டும். உருளவில்லையா, தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். திருப்பிப் போடாமல் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும். முடிந்ததும் விறைப்பு தளர்வதற்குள் அடியைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும்.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது "வலிக்கல, தானா ஆறிடுச்சு" என்ற பேச்சு. சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் பெரும்பாலும் வலிக்காது. சிகிச்சையே இல்லாமல் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். கிருமி மட்டும் உடம்பிலேயே தங்கும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம். பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் வழக்கமாக ஒரே தவணை பென்சிலின் ஊசி போதும். கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று, பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் கருக்குழாயைக் கெடுத்து, பின்னால் பிள்ளைப்பேற்றுக்குத் தடையாகலாம்.

அடுத்து, மணிக்கணக்கு. ஆணுறை கிழிந்தாலும், யாரேனும் வற்புறுத்தி உறவு கொண்டிருந்தாலும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றே தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் அது எந்தத் தொற்றையும் தடுக்காது. மறுநாளே எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து 'நெகட்டிவ்' என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. பரிசோதனையின் வகையைப் பொறுத்து 90 நாள்வரை காத்திருந்து திரும்பவும் பார்த்தால்தான் அந்த நெகட்டிவுக்கு அர்த்தம்.

இதைச் சொல்ல வெளியாள் வேண்டாம். செட்டிலிருந்தே ஒருவரைப் பயிற்றுவிக்கலாம். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்தவரைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மற்றவர்கள் யார் பேச்சைக் கேட்கிறார்களோ அவர்தான் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை.

பரிசோதனை மையங்களின் நேரமும் மாற வேண்டும். பகலில் மட்டும் திறந்திருந்தால் நாள்கூலிக்காரர் கூலியை இழந்துதான் வர முடியும். வர மாட்டார், நண்பன் கொடுத்த மீதி மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போவார். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை 6 மணிக்கு மேல் திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
இளையோர் பாலியல் நலப் பயிற்றுநர்கள்