நம்பியாறு கடலைச் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போதெல்லாம் ‘ஆற்று நீர் வீணாகக் கடலில் கலக்கிறது’ என்ற வரியைச் செய்திகளில் படிக்கிறோம், மேடைகளில் கேட்கிறோம். நெல்லை மாவட்டத்தின் நம்பியாற்றுக்கு அந்த வரி பொருந்தாது என்பதை, அதன் கடைமடையில் தோட்டம் வைத்திருப்பவன் என்ற முறையில் தெரிவிக்கவே இக்கடிதம்.

திருக்குறுங்குடிக்கு மேற்கே, மகேந்திரகிரியை அடுத்த மலைச்சரிவில் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் பிறக்கும் இந்த ஆறு, மலை நம்பி கோயிலை ஒட்டிப் பாறைகளினூடே இறங்கி, நாங்குநேரி, இராதாபுரம் வட்டங்களின் குளங்களுக்கு நீர் கொடுத்து, கோட்டைக்கருங்குளம் அருகே அணையில் சற்றுத் தேங்கி, ஆற்றங்கரைப் பள்ளிவாசல் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. மொத்த நீளமே 45 கிலோமீட்டர்தான். பெருமாள் கோயிலின் படியைத் தொட்டுக் கிளம்பி, எல்லாச் சமயத்தாரும் நேர்ச்சை செலுத்த வரும் பள்ளிவாசலின் அருகில் முடியும் இந்த ஆற்றை எங்கள் பக்கத்தில் யாரும் சிறிய ஆறு என்று சொல்வதில்லை.

ஆனால் அணைக்குக் கீழே ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அது மணல் தடமாகவே கிடக்கிறது. நல்ல மழைக்காலத்தில் சில நாட்கள் வெள்ளம் வந்து முகத்துவாரத்து மணல்திட்டை உடைத்தால் உண்டு. அந்தச் சில நாட்கள்தான் எங்கள் கிணறுகளைக் காப்பாற்றுகின்றன. நிலத்தடியில் நன்னீர் நிறைந்து நின்றால்தான் கடல்நீர் உள்ளே ஏறாது. ஆறு வராத ஆண்டுகளில் மோட்டார் போட்டு இறைக்க இறைக்கக் கிணற்று நீர் கரித்துப் போகிறது. முருங்கை ஓரளவு தாங்கும், வாழை தாங்காது. என் தந்தை காலத்தில் குடிக்க எடுத்த கிணற்று நீரை இன்று மாடுகூட முகர்ந்துவிட்டு நகர்கிறது.

இந்த மண் எவ்வளவு நீரை உள்வாங்கும் என்பதை 2021 மழையில் நாடே பார்த்தது. திசையன்விளை அருகே ஆயன்குளம் படுகையில் உள்ள ஒரு கிணற்றுக்குள் வெள்ளத்தை நாள்கணக்கில் திருப்பிவிட்டும் அது நிரம்பவில்லை, சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறைக் குகைகளின் வழியே நீர் பரவுவதாக விளக்கினர். மேலே ஓடும் ஆற்றையும் கீழே ஊறும் நீரையும் தனித்தனியாகக் கணக்கிட இந்த வட்டாரத்தில் இடமில்லை.

2009-இல் பணி தொடங்கி 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய், சுமார் 75 கிலோமீட்டர் கடந்து எம்.எல். தேரி என்ற செம்மணல் மேட்டுப் பகுதி வரை வெள்ள நீரைக் கொண்டுவருகிறது. அதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆயினும், புதிய கால்வாய்க்கு இத்தனை ஆண்டுகள் உழைத்த அரசு, பழைய ஆற்றின் தடத்தையும் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலம் அடைத்து, மணல் அள்ளிய குழிகளோடு, கரை எது பட்டா நிலம் எது என்று தெரியாத நிலையில் பல இடங்களில் ஆறு கிடக்கிறது. அணை முதல் முகத்துவாரம் வரை முறையாக அளந்து எல்லைக்கல் நட்டு, புதரை வேரோடு அகற்றி, மழைக்காலத்தில் ஒரு பங்கு நீரைக் கடல் வரை ஓடவிடுவதை அணை இயக்க விதியிலேயே சேர்க்க வேண்டும் என நீர்வளத் துறை, வருவாய்த் துறை அதிகாரிகளைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அளவுப் பணியையாவது தொடங்கினால், வரும் கோடையில் எங்கள் கிணறுகளில் வித்தியாசம் தெரியும்.

இப்படிக்கு,
வாசகர், இராதாபுரம் வட்டம்