மான்டிலின் அட்டைகளை எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ரகு,

பணி ஓய்வுக்குப் பின், வீரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேர்க்கப் போகிறாய் என்றும், அதுவும் நியூயார்க் யாங்கீஸ் அணியின் புகழ்பெற்ற வீரர் மிக்கி மான்டிலிலிருந்தே தொடங்கப் போகிறாய் என்றும் உன் கடிதத்தில் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால், அட்டை வெளியிடும் டாப்ஸ் நிறுவனம் 1952இல் அச்சிட்ட அவருடைய அட்டைக்காகச் சேமிப்பில் கைவைக்கும் எண்ணத்தை மட்டும் இப்போதைக்குத் தள்ளிப்போடு.

அந்த 311ஆம் எண் அட்டை இடம்பெற்ற கடைசித் தொகுதி, ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் விற்காமல் தேங்கிவிட்டது. மிஞ்சிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது அதன் பிரதிகளில் ஒன்றுதான். ஆயினும் அது மான்டிலின் முதல் அட்டை அன்று. 1951இல் போட்டி நிறுவனமான போமன் வெளியிட்டதே முதலாவது. போதாததற்கு, அந்தத் தொகுதியின் அச்சுத்தாளில் அவர் படம் இரண்டு இடங்களில் இருந்து இரட்டிப்பாக அச்சானதால், அதே தொகுதியின் வேறு பல அட்டைகள் அதைவிட அரியவை. அங்கே நீ கொடுக்கும் விலையில் பெரும்பகுதி பெயருக்கானது.

என் மனத்துக்கு நெருக்கமானது 1956ஆம் ஆண்டின் டாப்ஸ் வரிசையில் வந்த, அவருடைய 135ஆம் எண் அட்டை. முந்தைய இரண்டு ஆண்டுகளும் அவர் போமனுடன் ஒப்பந்தத்தில் இருந்ததால் டாப்ஸ் வரிசையில் இல்லை. 1956இல் போமனையே டாப்ஸ் வாங்கிக்கொள்ள, அவர் திரும்பி வந்தார். அந்தப் பருவத்தில்தான் .353 மட்டையடிச் சராசரி, 52 ஹோம் ரன், 130 ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்குச் சேர்த்த ஓட்டங்கள்) எடுத்து, மூன்றிலும் லீக்கில் முதலிடம் பெற்று மும்மகுடம் சூடினார். கிடைவாக்கில் அமைந்த அட்டையில் சிரிக்கும் முகம் பெரிதாகவும், வேலியோரம் எம்பிப் பந்தைப் பிடிக்கும் உருவம் சிறிதாகவும் இருக்கும். என்னிடம் உள்ள பிரதியின் மூலைகள் தேய்ந்து உருண்டுவிட்டன. பின்பக்கத்தில், அட்டையோடு பொட்டலத்தில் வந்த சூயிங்கம் ஒட்டிய கறை மங்கலாகத் தெரிகிறது. ஏதோ ஒரு சிறுவன் உண்மையாகவே வைத்து விளையாடிய அட்டை என்பதால், அட்டையின் நிலையைப் பார்த்துத் தரும் தர எண் குறைந்திருப்பது எனக்குக் குறையாகப் படவில்லை.

வாங்கும்போது லென்ஸ் வைத்துப் பார். அசல் அச்சில் வண்ணப்பகுதிகள் புள்ளிகளாகத் தெரிந்தாலும் கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் அழுத்தமாக, முழுமையாக நிற்கும். நகலெடுத்த போலியில் எழுத்துகளும் புள்ளிகளாகவே உடையும். ஓரம் வெட்டியிருக்கிறார்களா என்று அளந்தும் பார்த்துவிடு.

முதல் அட்டையாக 1969ஆம் ஆண்டு டாப்ஸ் வரிசையின் 500ஆம் எண்ணை வாங்கு. அந்த மார்ச்சில் அவர் ஓய்வை அறிவித்துவிட்டதால், 18 பருவங்களும் 536 ஹோம் ரன்களும் முழுக்கணக்காக அதன் பின்பக்கத்தில் இருக்கின்றன. குடும்பப்பெயர் மஞ்சளில் அச்சான பிரதி போதும். அதைவிட அரிதான வெள்ளை எழுத்துப் பிரதியை யாராவது காட்டினால், பணம் கொடுக்குமுன் எனக்குப் படம் அனுப்பு. மஞ்சள் மையை அழித்து வெள்ளையாக்கி விற்பவர்களும் உண்டு.

அன்புடன்,
சுந்தர்