டாம் அண்ட் ஜெர்ரி புளூ-ரே தொகுப்பு: அட்டையில் ஒன்று, டிஸ்கில் வேறு

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: டாம் அண்ட் ஜெர்ரி குறும்படத் தொகுப்பின் படம், ஒலிக் குறைகள், திருத்திய டிஸ்க் அல்லது முழுப் பணம் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனம் வெளியிட்டுள்ள இந்தத் தொகுப்பின் அட்டையில் 'ஃபிலிமிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்தது', 'அசல் வடிவில், வெட்டில்லாமல்' என்ற இரண்டு வாசகங்கள் இருக்கின்றன. அவற்றை நம்பித்தான் வாங்கினேன். இரண்டுமே உண்மையில்லை என்பதற்கு டிஸ்கே சாட்சி. எந்த இடத்தில், எதனால் என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் பட நிறுவனத்துக்காக எடுத்து 1940 முதல் 1958 வரை வெளிவந்த 114 குறும்படங்களும் விநாடிக்கு 24 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) ஓடுபவை. உங்கள் டிஸ்க் 25 ஓடுகிறது. 7 நிமிடப் படம் 6 நிமிடம் 43 விநாடியில் முடிந்துவிடுகிறது. 25 ஃப்ரேம் என்பது பழைய பிஏஎல் தொலைக்காட்சி முறைக்கான கட்டாயம். புளூ-ரேவில் 24 ஃப்ரேமை அப்படியே வைக்க முடியும். பிளேயரில் தகவல் பட்டனை அழுத்தினால் '1080i, 50 Hz' என்று வருகிறது, அதுவும் தொலைக்காட்சி முறைதான். அப்படியென்றால் இது புது ஸ்கேன் இல்லை. தொலைக்காட்சிக்காக என்றோ எடுத்து வைத்திருந்த மாஸ்டரை (மூலப் பிரதியை) பெரிதாக்கி டிஸ்கில் ஏற்றியிருக்கிறீர்கள்.

நாலு சதவீதம் வேகம் கூடியதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அடிதடிக் காட்சிகளில் அது சட்டென்று தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'த கேட் கான்செர்ட்டோ'வை (1947) போட்டுக் கேளுங்கள். டாம் கோட்டு சூட்டோடு மேடைக்கு வந்து இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடியை வாசிக்க, பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி எழுந்து வம்புக்கு வரும் படம், ஆஸ்கர் வாங்கியது. இதில் இசைதான் கதை. அந்த ராப்சடி சி ஷார்ப் மைனரில் அமைந்தது, நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை. உங்கள் டிஸ்கில் வேகம் கூடியதால் சுருதியும் ஏறி இரண்டு கட்டையை நெருங்கிவிடுகிறது. கீபோர்டை வைத்துச் சரிபார்த்தால் அது எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டுக்கும் நடுவே தொங்குவது புரியும். பியானோ கற்ற யாருக்கும் முதல் சில விநாடிகளிலேயே காது கூசும்.

இதையாவது சரிசெய்துவிடலாம்: 24-க்கு இறக்கினால் சுருதியும் கூடவே இறங்கிவிடும். அடுத்த குறைக்கு அப்படி வழி கிடையாது.

படத்தில் தூசியும் கீறலும் தெரியக் கூடாது என்று தானியங்கி மென்பொருளை ஓட்டியிருக்கிறீர்கள். அந்த மென்பொருள் ஒரு ஃப்ரேமை அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களோடு ஒப்பிடுகிறது. இரண்டிலும் இல்லாத ஒரு புள்ளியோ கோடோ நடு ஃப்ரேமில் மட்டும் இருந்தால் அதை அழுக்கு என்று முடிவுகட்டி அழிக்கிறது. நடிகர்களை வைத்து எடுத்த படத்துக்கு இது ஓரளவு ஒத்துவரும். கையால் வரைந்த படத்துக்கு விஷம். டாம் பாயும்போது அவன் மீசை ஒரு ஃப்ரேமில் இருக்கும் இடத்தில் அடுத்த ஃப்ரேமில் இருக்காது. வேகத்தைக் காட்ட ஓவியர்கள் உலர்ந்த தூரிகையால் செல் எனும் ஒளிபுகும் தாளில் இழுத்த கோடுகள் ஒரே ஒரு ஃப்ரேமுக்காக வரைந்தவை. மென்பொருளுக்கு இவை எல்லாமே கீறல்தான். அதனால் டாம் சும்மா நிற்கும்போது முழுசாக இருக்கிறான். ஓடத் தொடங்கியதும் மீசை துண்டுபடுகிறது, விரல்களின் வெளிக்கோடு பாதியில் மறைகிறது, சுழலும் கால்கள் வெறும் சாம்பல் பூச்சாகிவிடுகின்றன. துரத்தலுக்காகவே எடுத்த படத்தில் துரத்தல்தான் அழிந்திருக்கிறது. எந்தத் துரத்தல் காட்சியிலும் நிறுத்தி, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். இருபது ஃப்ரேமுக்குள் ஒரு வெட்டுப்பட்ட கோடாவது அகப்படும்.

அழிந்த கோட்டை டிஸ்கிலிருந்து மீட்க முடியாது. ஃபிலிமுக்குத் திரும்பிப் போய், தூசியைக் கண்ணால் பார்த்துக் கையால் எடுக்க வேண்டும். 7 நிமிடப் படத்தில் 10,080 ஃப்ரேம்கள்; செலவாகும் என்பது தெரியும். அது முடியாதென்றால் தூசியோடு அப்படியே விடுங்கள். தூசி யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அடுத்தது படச்சட்டம், அதாவது திரையில் தெரியும் படத்தின் அளவு. 1950களின் நடுப்பகுதி வரை வந்த படங்கள் ஏறக்குறைய சதுரமான 1.37:1 அளவில் எடுக்கப்பட்டவை. உங்கள் டிஸ்கில் எல்லாமே அகலத்திரை. படத்தை இழுக்காமல் மேலும் கீழும் வெட்டியிருக்கிறீர்கள். உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு போய்விட்டது. ஜெர்ரி தரையில் ஓடும் எலி, சட்டத்தின் அடிப்பகுதிதான் அவன் உலகம். பல காட்சிகளில் அவன் கால் இல்லாமல் ஓடுகிறான். டாமின் தலையில் விழப்போகும் பொருள் மேலே தெரிந்து, நாம் பதறி, பிறகு அது விழுவதில்தான் சிரிப்பு. மேலே வெட்டினால் பதற நேரமே இல்லை. மறுபக்கம், சினிமாஸ்கோப் என்ற மிக அகன்ற திரை முறையில் வந்த 'பெட் பீவ்' (1954) போன்ற படங்களுக்கு இரு ஓரங்களும் போயிருக்கின்றன. டிவியில் கறுப்புப் பட்டை தெரிந்தால் வாடிக்கையாளர் குறை சொல்வார் என்ற பயம் வேண்டாம். இந்தத் தொகுப்பைத் தேடி வாங்குபவர்கள் பட்டையைத்தான் கேட்கிறார்கள்.

தமிழ் விளக்கக் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்காகச் சேர்த்ததில் தவறில்லை. ஆனால் அது பேசும்போதெல்லாம் பின்னணி இசை அமுங்கிப்போகிறது. அதை அணைக்க மெனுவில் வழியே இல்லை. இந்தப் படங்களில் பூனையும் எலியும் அநேகமாகப் பேசுவதில்லை. ஸ்காட் பிராட்லியின் இசைதான் அவர்களுக்காகப் பேசுகிறது. பூனை பதுங்கி வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம் இருக்கிறது. டாமின் அந்தப் புகழ்பெற்ற அலறல் ஹன்னாவே கொடுத்த குரல். அதன்மேல் 'ஐயோ, டாமுக்கு அடிபட்டுவிட்டதே!' என்று ஒருவர் சொல்வது படத்துக்குச் செய்யும் அநியாயம். அசல் மோனோ ஒலியை முதல் தடமாகவும் விளக்கக் குரலை இரண்டாவது தடமாகவும் வையுங்கள்.

'வெட்டில்லாமல்' என்றதைப் பற்றி ஒன்று. தொடரின் முதல் படமான 'புஸ் கெட்ஸ் த பூட்' (1940) தொட்டே வரும் கறுப்பினப் பணிப்பெண்ணுக்கு லிலியன் ராண்டால்ஃப் குரல் கொடுத்தார். உங்கள் டிஸ்கில் பிற்காலத்தில் மாற்றிய குரல் இருக்கிறது. சில காட்சிகள் தாவுகின்றன. அந்தச் சித்திரிப்பு இனவெறி கலந்தது, அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. படத்துக்கு முன் தெளிவாக ஒரு குறிப்பு போட்டுவிட்டு முழுப் படத்தையும் காட்டுங்கள். மாற்றித்தான் வெளியிடுவீர்கள் என்றால் அதையாவது அட்டையில் அச்சிடுங்கள்.

என் கோரிக்கைகள்: 24 ஃப்ரேம் வேகம், வெட்டாத படச்சட்டம், தனித் தடத்தில் அசல் ஒலி, தானியங்கி அழிப்பு இல்லாத படம் ஆகியவற்றோடு திருத்திய டிஸ்க். அது எப்போது வரும் என்று எழுத்தில் பதில் வேண்டும். திருத்தும் எண்ணம் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தந்து, விற்பனையில் உள்ள பெட்டிகளிலிருந்து அந்த இரு வாசகங்களையும் நீக்குங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், அட்டையின் படம், கோடு மறையும் ஃப்ரேம்களின் நேரக்குறிப்பு, படம் வாரியாக.